இரவு இரண்டே முக்காலுக்கு என் கதவுக் கைப்பிடி கீழே இறங்கியது

மூன்றாம் மாடி எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரமாக இதை யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை.

அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாக இருக்கிறேன். குடி வந்து ஐந்து மாதம் ஆகிறது. வேலை வீட்டிலிருந்தே: ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பேன். நாள் முழுக்கக் காதில் ஹெட்போன். பேசுகிறவர் எங்கே எச்சில் விழுங்கினார், பக்கத்தில் இருப்பவர் எப்போது காகிதம் புரட்டினார் என்பதுவரை கேட்டுப் பழகிய காது இது. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

மூன்று வாரம் முன்பு ஒரு நாள் இரவு இரண்டே முக்காலுக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். விளக்குப் போடவில்லை. வெளியிலிருந்து வரும் வெளிச்சமே போதும். டம்ளரோடு திரும்பும்போது வாசல் கதவின் கைப்பிடி கீழே இறங்குவதைப் பார்த்தேன். மெதுவாக, முழுதாக இறங்கியது. கதவு ஒரு நூல் அளவு உள்ளே வந்து பூட்டில் தட்டி நின்றது. ஒரு விநாடி அப்படியே இருந்தது. அப்புறம் கைப்பிடி மேலே போனது. விட்டால் படக்கென்று மேலே எழும்புகிற கைப்பிடி அது. அன்று அப்படி எழும்பவில்லை. யாரோ அதைப் பிடித்துக்கொண்டே, சத்தம் வராமல், திரும்ப மேலே கொண்டுபோய் வைத்தார்கள்.

அந்த நிதானத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

நான் குரல் கொடுக்கவில்லை. கதவில் இருக்கும் லென்ஸ் வழியாக வெளியே பார்க்கவும் இல்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன், விடியும்வரை எழுந்திருக்கவில்லை. டம்ளரைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

குடியிருப்பு அலுவலகத்தில் சொன்னேன். "யாராவது மாடி மாறி வந்திருப்பாங்க" என்றார்கள். தம்பியும் அதையேதான் சொன்னான், கூடவே "எங்களோடு வந்து இரு அக்கா" என்றும் சொன்னான். மாடி மாறி வந்தவராகவே இருக்கலாம். ஆனால் அன்றிலிருந்து தினமும் இரண்டே முக்காலுக்கு விழிப்பு வருகிறது. கைப்பிடிக்கு அடியில் நாற்காலியை முட்டுக் கொடுத்து வைக்கிறேன். நாற்காலி மேல் ஒரு எவர்சில்வர் பாத்திரம், விழுந்தால் சத்தம் கேட்குமே என்று. போன வாரம் அது தானாகவே விழுந்தது. அந்தச் சத்தத்தில் எனக்கு உயிர் போய் வந்தது.

இந்த வீட்டை விட்டுப் போக எனக்கு இஷ்டமில்லை. ஐம்பத்திரண்டு வயதில் நானே தேர்ந்தெடுத்துக் குடிவந்த முதல் வீடு.

என் கேள்வி: கடையில் பூட்டு, சங்கிலி, அலாரம், கேமரா என்று ஏகப்பட்டது விற்கிறார்கள். இதில் எதற்கு நிஜமாகவே பலன் உண்டு? பாதுகாப்பாக இருப்பது வேறு, பாதுகாப்பாக உணர்வது வேறு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அவசரமாகத் தேவைப்படுவது உணர்வுதான், தூங்க வேண்டும். ஆனால் முதலாவது இல்லாமல் இரண்டாவது வந்தால் நான் அதை நம்பமாட்டேன்.

கதவு விவரம்: மரக் கதவு, உள்பக்கம் திறக்கும். இரண்டு பக்கமும் அழுத்தித் திறக்கும் கைப்பிடி. அதற்குக் கீழே சாவித்துளை. சாவியை ஒரு சுற்று சுற்றிப் பூட்டுவேன். இரண்டாவது சுற்று இறுகும், பூட்டு பழசு.

---

சும்மா படிப்பவன்:

கேமரா ஒன்று வாங்கி மாட்டுங்கள். நாய் ஒன்று வளர்க்கலாம். இதற்கா இவ்வளவு யோசனை?

---

மூன்றாம் மாடி:

கேமரா நடந்ததைக் காட்டும் சார். நடக்கும்போது நான்தான் உள்ளே இருப்பேன். அது மட்டுமில்லாமல் என்னை எனக்குத் தெரியும், ராத்திரி முழுக்கப் போனில் காலி நடைவழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எதிர்வீட்டுக் கதவும் அதில் விழும், அவர்களைக் கேட்காமல் எப்படி மாட்டுவது? நாயைப் பற்றி யோசிக்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

---

தச்சுப்பட்டறை:

அம்மா, முப்பது வருஷமாகக் கதவு மாட்டுகிற ஆள் நான். நீங்கள் எழுதியதில் கடைசி வரிதான் எனக்குக் கண்ணில் பட்டது. "இரண்டாவது சுற்று இறுகும், பூட்டு பழசு."

ஒரு வேலை செய்யுங்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாவியைச் சுற்றுங்கள். இரண்டு சுற்றும் வழுக்கிக்கொண்டு போகிறதா? அப்படியானால் பூட்டில் கோளாறு இல்லை. கதவு நிலையில், பூட்டின் நாக்கு போய் உட்காருகிற குழி ஆழமாக இல்லை. குழியின் வாயில் இருக்கும் தகட்டை அறைந்தவர் அதற்குப் பின்னால் மரத்தை முழுதாகக் குடையாமல் விட்டிருப்பார், இல்லை பெயின்ட் அடித்தவர்கள் அடைத்துவிட்டிருப்பார்கள். நான் போகிற பத்து வீட்டில் ரெண்டு மூணு இப்படித்தான் இருக்கும். வீட்டுக்காரர்கள் வருஷக்கணக்காகப் பாதி நாக்கில் பூட்டிக்கொண்டு பூட்டைத் திட்டுவார்கள்.

ஒரு தீக்குச்சியைக் குழிக்குள் விட்டு, விளிம்பில் நகத்தால் குறி வைத்து எடுங்கள். அப்புறம் நாக்கை முழுதாக வெளியே தள்ளி அதன் நீளத்தோடு ஒப்பிடுங்கள். தெரிந்துவிடும்.

அடுத்தது அந்தத் தகடு. கதவை உதைத்துத் திறப்பவன் பெரும்பாலும் பூட்டை உடைப்பதில்லை, நிலை மரம்தான் அந்த இடத்தில் பிளந்துகொள்ளும். தகட்டில் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றிப் பாருங்கள். என் அனுபவத்தில் விரல் கணு அளவுதான் இருக்கும், அது மரத்தின் மேல்தோலைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மர நிலை என்றால் 75 மில்லிமீட்டர் ஸ்க்ரூ போட்டு நிலையைத் தாண்டிப் பின்னால் இருக்கும் கட்டுமானத்தைப் பிடிக்க வைக்க வேண்டும். பின்னால் செங்கல்லோ கான்கிரீட்டோ இருந்தால் ட்ரில் போட்டுப் பிளக் வைத்து முடுக்க வேண்டும், வெறும் ஸ்க்ரூ நிற்காது. இரும்பு நிலை என்றால் இந்தக் கதையே வேறு, எழுதுங்கள், சொல்கிறேன்.

மூன்றாவது, குடி வந்ததும் சாவி சிலிண்டரை, அதாவது பூட்டில் சாவி நுழைகிற உருளையை, மாற்றினீர்களா? உங்களுக்கு முன்னால் இருந்தவர், அவர் வீட்டில் வேலை செய்தவர், அவர் சொந்தக்காரர் என்று எத்தனை சாவி ஊரில் இருக்கிறதோ. பூட்டை முழுதாக மாற்றத் தேவையில்லை. கதவின் விளிம்பில் நாக்குக்குக் கீழே ஒரு நீளமான ஸ்க்ரூ இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, சாவியைப் போட்டு லேசாகத் திருப்பினால் சிலிண்டர் கையோடு வரும். பத்து நிமிஷ வேலை. ஸ்க்ரூ ஓட்டையின் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் தனித்தனியாக அளவெடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வெளிப்பக்கம் கைப்பிடித் தகட்டைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் துருத்தக் கூடாது. துருத்தினால் இடுக்கியில் பிடித்து முறித்துவிடலாம், அந்த ஸ்க்ரூ ஓட்டை இருக்கும் இடம்தான் சிலிண்டரிலேயே ஒல்லியான இடம். வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள், பழையதைப் பத்திரமாக வைத்திருந்து போகும்போது திரும்பப் போட்டுவிடலாம்.

இன்னொன்று. வெளிப்பக்கமும் அழுத்துகிற கைப்பிடி என்கிறீர்கள். அப்படியானால் வெறுமனே சாத்திவிட்டுப் பூட்டாமல் இருக்கும் நேரமெல்லாம் உங்கள் கதவு திறந்த கதவுதான். குப்பை போட்டுவிட்டு வந்து அப்படியே உட்காருகிறோமே, அந்தப் பகல் நேரத்தைச் சொல்கிறேன். வெளியே அசையாத குமிழ் மாட்டிவிட்டால் சாவி இல்லாமல் திறக்காது. ஆனால் சாவியை உள்ளே விட்டுக் கதவு சாத்திக்கொண்டால் நீங்களே வெளியே நிற்பீர்கள், யோசித்து முடிவெடுங்கள். குமிழ் இருக்கிறதே என்று பூட்டாமலும் இருக்காதீர்கள். கைப்பிடியை அழுத்தினால் உள்ளே போகிற அந்தச் சாய்ந்த நாக்கு மட்டும் பிடித்திருக்கும் கதவைச் சில சமயம் ஒரு பிளாஸ்டிக் அட்டையாலேயே நெம்பிவிடலாம்.

சங்கிலியை நம்ப வேண்டாம். நாற்காலி டைல்ஸ் தரையில் வழுக்கும், பாத்திரக் கதையை நீங்களே சொல்லிவிட்டீர்கள். ரப்பர் ஆப்பு ஒன்று கதவடியில் செருகினால் நாற்காலியை விட நன்றாகப் பிடிக்கும், உங்கள் கதவு உள்பக்கம் திறப்பதால் அது வேலை செய்யும்.

எதைப் போட்டாலும் ஒரு சோதனை செய்யுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, படுக்கையிலிருந்து போய்க் கதவைத் திறந்து வெளியே வர முடிகிறதா என்று பாருங்கள். தீ, புகை என்று வந்தால் அப்படித்தான் வர வேண்டியிருக்கும். திருடனைத் தடுக்கிறேன் என்று தன்னையே உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்பக்கம் சாவிக்குப் பதில் கையால் திருகுகிற குமிழ் உள்ள சிலிண்டராக வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

---

மூன்றாம் மாடி:

ஐயா, படித்துவிட்டு அப்படியே எழுந்து போய்ப் பார்த்தேன். கதவு திறந்திருக்கும்போது இரண்டு சுற்றும் வெண்ணெய் மாதிரி போகிறது. தீக்குச்சி அளந்ததில் குழி 11 மில்லிமீட்டர். நாக்கு முழுதாக வந்தால் 20.

ஐந்து மாதமாக அரை நாக்கில் தூங்கியிருக்கிறேன்.

கோபப்பட வேண்டியதா, சிரிக்க வேண்டியதா தெரியவில்லை. ஆனால் விசித்திரமாக, இந்த மூன்று வாரத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் மூச்சு விட்டேன். என்ன கோளாறு என்று தெரிந்துவிட்டது அல்லவா.

---

நைட் டியூட்டி:

அக்கா, நான் நர்ஸ். மாதத்தில் பாதி நாள் பகலில்தான் தூங்குவேன். கட்டடமே வேலைக்குப் போனபிறகு ஆளில்லாத மாடியில் தனியாகப் படுப்பதும் இதே மாதிரிதான், வெளிச்சம் இருக்கும் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

2016இல் பிரவுன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஒரு ஆய்வு செய்தார்கள். புது இடத்தில் படுக்கும் முதல் இரவில் மூளையின் இடது பாதி வலது பாதியை விட லேசாகத்தான் தூங்குகிறது, வழக்கமில்லாத சத்தம் வந்தால் அந்தப் பாதி சட்டென்று விழித்துக்கொள்கிறது என்று கண்டார்கள். அதே அறையில் பிறகொரு நாள் படுத்தபோது இந்த வித்தியாசம் போய்விட்டது. உங்களுக்கு அந்தக் கைப்பிடி சம்பவத்துக்குப் பிறகு ஒவ்வொரு இரவும் முதல் இரவாகவே இருக்கிறது போல. இது என் ஊகம்தான், ஆய்வில் இப்படிச் சொல்லவில்லை.

எனக்கு உதவியது ஒரு நோட்டு. கேட்ட சத்தத்தையெல்லாம் மணியோடு எழுதினேன், காரணம் கண்டுபிடித்ததும் பக்கத்தில் குறித்தேன். வெந்நீர்க் குழாய் ஆறும்போது டிக் டிக் என்று சுருங்கும். லிஃப்ட் நிற்கும்போது பிரேக் பிடிக்கிற டக். மேல்வீட்டில் குழாயைப் படாரென்று மூடினால் சுவருக்குள் யாரோ குத்துவது மாதிரி ஒரு இடி. ஒரு வாரத்தில் பதினேழு சத்தம் எழுதினேன், பதினாறுக்குக் காரணம் கிடைத்தது. பதினேழாவது என் ஃப்ரிட்ஜ் என்று அப்புறம் தெரிந்தது. உங்கள் காதுக்கு இது எளிதான வேலை.

அப்புறம் ஒன்று, எங்கள் ஜாதிக்காரி ஒருவரைப் பற்றி. நர்ஸ் ஜாதியைச் சொல்கிறேன்! மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்று நியூயார்க் குயின்ஸில் இருந்த நர்ஸ். அவருக்கும் கணவர் ஆல்பர்ட்டுக்கும் கண்ட நேரத்தில் வேலை, தனியாக இருக்கும் இரவுகளில் கதவு தட்டினால் யார் என்று பார்க்க வாசல்வரை போகவே பயம். 1966இல் இருவரும் ஒரு காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள், 1969 டிசம்பரில் கிடைத்தது. கதவில் வெவ்வேறு உயரத்தில் நான்கு துளை, அவற்றின் பின்னால் மேலும் கீழும் நகர்கிற கேமரா, படுக்கையறையில் டிவி, வெளியே நிற்பவரோடு பேச மைக். அங்கிருந்தே கதவைத் திறக்கலாம், ஆபத்து என்றால் அலாரம் கொடுக்கலாம். இன்றைக்கு விற்கிற வீடியோ காலிங்பெல்லுக்கெல்லாம் முன்னோடி அதுதான். நீங்கள் அன்றைக்கு லென்ஸ்வரை போகாமல் தரையில் உட்கார்ந்தது கோழைத்தனம் என்று நினைத்தால், அந்தப் பயத்திலிருந்துதான் அவ்வளவும் பிறந்தது என்பதற்காகச் சொன்னேன்.

---

தப்புக் கதவு:

இதுவரை இங்கே எழுதியதில்லை, படிப்பதோடு சரி. இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

உங்கள் கதவு இல்லை, ஆனால் நான் அந்தப் பக்கம் நின்ற ஆள். போன வருஷம் நள்ளிரவு தாண்டி வீட்டுக்கு வந்தேன். லிஃப்ட் யாரோ அழுத்திய மாடியில் நின்றது, நான் போனைப் பார்த்துக்கொண்டே இறங்கிவிட்டேன். எல்லா மாடியும் ஒரே அச்சு: அதே நிறம், அதே கதவு, அதே மிதியடிகூட. மனைவி தூங்கியிருப்பாள், எனக்காகக் கதவைப் பூட்டாமல் வைத்திருப்பாள் என்று சாவி எடுக்காமலே கைப்பிடியை அழுத்தினேன், சத்தம் வரக்கூடாது என்று மெதுவாக. திறக்கவில்லை. அதேபோல் மெதுவாக விட்டேன். உள்ளேயிருந்து ஒரு பெரியவர் "யாருங்க அது?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் கதவு எண்ணைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கக்கூட நிற்காமல் படிக்கட்டில் ஓடிவிட்டேன். அந்த வீட்டில் அன்று யார் தூங்காமல் இருந்தார்களோ என்று இதைப் படிக்கும்வரை நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான். அந்த ஒரு குரல் போதும். திருட வந்தவனாக இருந்தாலும் உள்ளே விழித்திருக்கும் ஆளை அவன் விரும்பமாட்டான் என்று நினைக்கிறேன். கதவைத் திறக்காமல், கிட்டே போகாமல், இருந்த இடத்திலிருந்தே உரக்கக் கேளுங்கள்.

---

மூன்றாம் மாடி:

தப்புக் கதவு சார், உங்கள் பதிலை நாலைந்து தடவை படித்தேன். எல்லோரும் "மாடி மாறியிருக்கும்" என்று சொன்னபோதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி இருந்தது: மாடி மாறியவர் என்றால் முதலில் சாவியைத்தானே நுழைத்துப் பார்ப்பார்? எனக்குச் சாவி உரசுகிற சத்தம் கேட்கவில்லையே? சாவி இல்லாமல், அதுவும் மெதுவாக அழுத்த ஒரு நல்ல மனிதருக்குக் காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மனைவி தூங்குகிறாள் என்பது ஒரு காரணம்தான்.

எனக்கு வந்தவர் அப்படிப்பட்டவர்தான் என்று இதனால் ஆகிவிடாது, தெரியும். ஆனால் இதுவரை என் மனதில் ஒரே ஒரு ஆள்தான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். இப்போது இரண்டு பேர் நிற்கிறார்கள், அதில் ஒருவர் மிதியடியைப் பார்த்து ஏமாந்தவர்.

---

மழைக்காகம்:

எல்லாம் சரி, ஒன்று மட்டும். தனியாக இருக்கிறேன், இன்ன மாடி, இத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, பூட்டு அரைகுறை என்று பொதுவில் எழுதாதீர்கள் மேடம். பூட்டைச் சரிசெய்யும்வரையாவது.

---

மூன்றாம் மாடி:

நியாயம்தான். பெயரில் இருப்பது என் மாடி இல்லை, அந்த அளவுக்காவது யோசித்தேன்.

---

மூன்றாம் மாடி (பன்னிரண்டு நாள் கழித்து):

கேட்டவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

உளி பிடிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துக் குழியை ஆழப்படுத்தினேன். தகட்டுக்குப் பின்னால் மரமே தொடப்படாமல் இருந்தது, தச்சுப்பட்டறை ஐயா சொன்னது அப்படியே. தகட்டைப் பிடித்திருந்த ஸ்க்ரூ என் சுண்டுவிரல் நகத்தை விடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். அதை எடுத்து மேசை மேல் வைத்திருக்கிறேன், ஏன் என்று கேட்காதீர்கள். நீள ஸ்க்ரூ போட்டாயிற்று. சிலிண்டரை நானே மாற்றினேன், பத்து நிமிஷம் இல்லை, நாற்பது நிமிஷம், ஆனால் நானே. உள்பக்கம் திருகுகிற குமிழ்.

இப்போது இரண்டாவது சுற்றின் முடிவில் "டொக்" என்று ஒரு சத்தம் வருகிறது. ஹெட்போனில் இவ்வளவு வருஷம் என்னென்னவோ கேட்டிருக்கிறேன், இவ்வளவு முழுதாக முடிகிற ஒரு சத்தம் கேட்டதில்லை. முதல் நாள் ஏழெட்டுத் தடவை சும்மாவே பூட்டித் திறந்தேன். எதிர்வீட்டுப் பெண் கதவைத் திறந்து "என்னங்க ஆச்சு, பூட்டு மாட்டிக்கிச்சா?" என்று கேட்டார். ஐந்து மாதத்தில் நாங்கள் பேசிய முதல் வாக்கியம் அது.

அவரிடம் கைப்பிடி விஷயத்தைச் சொன்னேன். முகம் மாறிவிட்டது. அவர்கள் வீட்டுக் கைப்பிடியும் ஒரு இரவு அசைந்ததாம். என்றைக்கு என்று தேதி நினைவில்லை, என்னுடையதற்கு முன்பா பின்பா என்றும் தெரியவில்லை. "உங்களைப் பயமுறுத்த வேண்டாமேன்னு சொல்லலை" என்றார். நானும் அதே காரணத்துக்காகத்தான் அவரிடம் சொல்லாமல் இருந்தேன். போன் நம்பர் மாற்றிக்கொண்டோம். இருவருமாகப் போய் அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்தோம். ஒரே ஆளாகப் போனபோது "மாடி மாறி" என்றவர்கள் இந்த முறை தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள், லிஃப்ட் எதிரே மாடி எண்ணைப் பெரிதாக எழுதுவதாகவும் சொன்னார்கள். இன்னும் எழுதவில்லை.

அது யார் என்று இன்றுவரை தெரியாது. விழிப்பு இப்போதும் சில நாள் வருகிறது. நோட்டில் ஒன்பது சத்தம் சேர்ந்திருக்கிறது, எட்டுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஒரு இரவு வாய்விட்டு "யாருங்க அது?" என்று சொல்லிப் பார்த்தேன், ஒத்திகைக்கு. முதல் தடவை குரலே வரவில்லை. மூன்றாவது தடவை நன்றாக வந்தது.

நாற்காலியை மேசைக்குத் திரும்பக் கொண்டுபோய்விட்டேன். அதன் முதுகு தினமும் உரசி, கைப்பிடிக்குக் கீழே கதவில் ஒரு கை அகலத்துக்கு மரம் வெளுத்துக் கிடக்கிறது. அதற்கு என்ன செய்யலாம் தச்சுப்பட்டறை ஐயா?

---

தச்சுப்பட்டறை:

நைஸான உப்புத்தாள் வாங்கி லேசாகத் தேயுங்கள் அம்மா. மரத்தின் ரேகை ஓடுகிற திசையிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே போனால் கீறல் நிற்கும். தூசியைத் துடைத்துவிட்டு வார்னிஷ் ஒரு கை, காய்ந்ததும் இன்னொரு கை. காய்கிறவரை கதவைத் திறந்து வைத்தால் நல்லது, பகலில் செய்யுங்கள். எதிர்வீட்டு அம்மாவையும் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள், பேச்சுத்துணைக்கு ஆகும்.